பீட்டர் வாயில் ஒட்டிக்கொண்டவை

பீட்டர் என்பது அவருடைய பெயர் அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. தேவையில்லாத இடத்தில் இங்கிலீஷ் பேசுகிறவனைப் 'பீட்டர் விடறான்' என்று சொல்வது நம்மவர்கள் வழக்கம். சாதாரணமாக இரண்டு நாள் கேலி செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் மறக்க விட்டால்தானே? தினம் ஒரு புது வார்த்தையோடு வந்து நின்றார். கடைசியில் குடியிருப்பின் வாட்ச்மேன் முதல் சொந்த மச்சினன் வரைக்கும் அவரைப் பீட்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மனைவிக்கு அவர் 'என்னங்க'தான். கோபம் தலைக்கேறினால் மட்டும் அவளும் 'மிஸ்டர் பீட்டர்' என்பாள்.

இத்தனைக்கும் அவர் பந்தா பேர்வழி அல்ல. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் பென்சில் தேடியவர். பிழைக்கப் போனது வெளிநாடு, குடும்பத்தோடு. பார்க்கிற வேலை, டவர் கிரேன் ஓட்டுவது. உயரமான கட்டடம் எங்கே எழும்பினாலும் அதன் தலைக்கு மேல் ஒரு நீளக் கை சுற்றிக்கொண்டிருக்குமே, அந்தக் கையின் தோள்பட்டையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலையில் ஏணி பிடித்து அதில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கூண்டுக்குள் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி, தண்ணீர் பாட்டில், மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா. மனித வாடையே கிடையாது. அவ்வப்போது ஒரு புறா வந்து கண்ணாடிக்கு வெளியே உட்காரும். அதுவும் இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு வேலை இருப்பதுபோல் போய்விடும்.

பேச்சுத் துணை என்றால் வாக்கி டாக்கி ஒன்றுதான். கீழேயிருந்து ஃபோர்மேன்கள் சொல்லச் சொல்ல இவர் பாரத்தைத் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். அந்த சைட்டில் ஃபோர்மேன்கள் மூன்று பேர். ஒருவர் அயர்லாந்துக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் ஆஸ்திரேலியாக்காரர். மூன்று பேர் பேசுவதும் இங்கிலீஷ்தான் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். முதல் வாரம் பீட்டருக்கு அதில் பலத்த சந்தேகம் இருந்தது.

அவர் வாய்க்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அது பேசத் தொடங்கிவிடும். ஒரு லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனவர், திரும்பி வரும்போது சித்தப்பாவின் கீச்சுக் குரலோடு வந்து இறங்கினார். மூக்கால் பேசும் கண்டக்டரிடம் மூக்காலேயே டிக்கெட் கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறார். வேண்டுமென்று செய்வதில்லை. பக்கத்தில் ஒருவன் கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதே, அதுபோலத்தான். ஆனால் இதைக் கண்டக்டருக்கு எப்படிப் புரியவைப்பது?

அப்படிப்பட்ட வாயை ஒரு கண்ணாடிக் கூண்டில் அடைத்து, காதில் நாள் பூராவும் மூன்று தேசத்து இங்கிலீஷை ஊற்றினால் என்ன ஆகும்? ஊறிவிட்டது. அயர்லாந்துக்காரருக்கு எல்லாமே 'கிராண்ட்'. தூண் சரியாக உட்கார்ந்தாலும் கிராண்ட், மழை கொட்டினாலும் கிராண்ட், கால் சுளுக்கிக்கொண்டாலும் கிராண்ட். ஸ்காட்லாந்துக்காரர் ஆமாம் என்பதற்கு 'ஐ' என்பார். உலகத்துப் பொருள் எல்லாவற்றையும் ஒரு 'வீ' போட்டுச் சின்னதாக்கிவிடுவார். லாரி நிறைய வந்த இரும்புக் கம்பியும் அவருக்கு 'வீ' கட்டுதான். ஆஸ்திரேலியாக்காரர் எதைச் சொன்னாலும் 'நோ வொர்ரீஸ்'. உற்சாகம் மிஞ்சினால் 'டூ ஈஸி'. பீட்டர் அவரவருக்கு அவரவர் சரக்கையே திருப்பிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் மூன்று பேரும் தனித்தனியாக வந்து, எங்கள் ஊரில் எத்தனை வருஷம் இருந்தாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சங்கடமெல்லாம் வீட்டில்தான். சாயங்காலம் பீட்டர் கீழே இறங்கிவிடுவார், வாய் மேலேயே இருக்கும்.

"தண்ணி வேணுமாங்க?" என்பாள் மனைவி.

"ஐ" என்பார்.

"கழுதை வயசாகுது, ஒரு சொம்புத் தண்ணிக்குக் குழந்தை மாதிரி ஐன்னு துள்றீங்களே. நாலு பேர் கேட்டா என்னை என்ன நினைப்பாங்க?"

சாப்பாடு எப்படி என்று கேட்டால் 'கிராண்ட்' என்றார். அவள் ஒரு மாதம் பூரித்துப்போய்ச் சமைத்தாள். பிறகு ஒருநாள், பொத்தல் விழுந்த பனியனைக் காட்டி இதைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டபோது அதற்கும் 'கிராண்ட்' என்றார். அன்று முதல் அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். மகள் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டு அழுதுகொண்டு வந்தாள். அவளைத் தட்டிக் கொடுத்து 'டூ ஈஸி' என்றார். அவள் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் சிகரமாக, கீழ்வீட்டுக்காரரின் அப்பா தவறிப்போனபோது துக்கம் விசாரிக்கப் போய், அவர் கையைப் பற்றிக்கொண்டு, குரல் தழுதழுக்க, 'நோ வொர்ரீஸ்' என்று சொல்லிவிட்டார். மனைவி முழங்கையால் இடித்த இடியில் இன்னொரு சாவு விழாமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

நாளடைவில் மனைவிக்கு ஒரு சாமர்த்தியம் வந்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசியதுமே, "இன்னிக்கு அந்த ஸ்காட்லாந்துக்காரர் டியூட்டியா?" என்று சரியாகக் கேட்பாள். இஸ்திரிக் கடையில் வேலை பார்ப்பவள். துணியைத் தொட்டே யார் வீட்டுச் சட்டை என்று சொல்வாள். புருஷனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

ஒட்டுவது ஒரு பக்கம் மட்டும் நடக்கிற காரியம் அல்ல என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பீட்டர் மனைவியோடு செல்போனில் பேசுவார். அப்போது வாக்கி டாக்கி மடியில் கிடக்கும். டப்பாவைத் திறக்கக் குனிந்தால் தொப்பை அதன் பொத்தானை அழுத்தும். அவர்கள் குடும்ப விவகாரம் முழுவதும் சைட்டுக்கே ஒலிபரப்பாகும். வாங்கி வரச் சொன்ன எதையும் பீட்டர் வாங்கியதில்லை என்பதால், அந்த ஒலிபரப்பில் அதிகம் வந்தது 'ஐயய்யோ, மறந்துட்டேன்'. அடுத்தபடியாக 'சரி சரி', 'போதும் போதும்', 'சும்மா', 'அப்புறம்?' கடைசியில் 'வச்சிடறேன்'.

ஃபோர்மேன்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ராகம் பிடித்துப்போனது. அயர்லாந்துக்காரர் கையிலிருந்து சுத்தியல் நழுவினால் 'ஐயய்யோ' என்றார். ஸ்காட்லாந்துக்காரர் பாரம் தரையைத் தொட்டதும் 'போதும் போதும்' என்றார். ஆஸ்திரேலியாக்காரர் ஒருபடி மேலே போய், யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் நடுவில் 'அப்புறம்?' என்று கேட்டு வாயடைக்கக் கற்றுக்கொண்டார். மேலே கூண்டில் இதையெல்லாம் கேட்கும்போது பீட்டருக்கு உள்ளுக்குள் அப்படியொரு குளிர்ச்சி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாமல் பெஞ்சு மேல் நின்றவர் அவர். இப்போது அவர் பேச்சை மூன்று தேசத்துக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் கோட்டும் சூட்டுமாக சைட்டைப் பார்க்க வந்து, புராஜெக்ட் மேனேஜரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ஒழுங்கு எப்படி என்று காட்டுவதற்காக மேனேஜர் வாக்கி டாக்கிச் சத்தத்தைப் பெரிதாக வைத்தார். அன்று சாப்பாட்டு நேரத்திலும் வேலை நிற்கவில்லை. முதலில் பீட்டரின் மனைவி வாங்கி வரச் சொன்ன சோப்பைப் பற்றி ஒரு சண்டை வந்தது. பிறகு ஒருவர் கிராண்ட் என்றார், ஒருவர் ஐயய்யோ என்றார், ஒருவர் அப்புறம் என்றார், யாரோ சிரித்தார்கள். இவ்வளவும் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஆகாயத்தில் ஒரு கான்கிரீட் பலகை சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சேஃப்டி ஆபீசர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டில் ஒரு கீறல் கிடையாது, சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. முகத்தைப் பார்த்தால் நம்மவர் சாடை தெரிந்தது. வாயைத் திறந்தால் எந்த ஊருமே தெரியவில்லை. லிஃப்ட்டுக்குள் 'கதவு மூடுகிறது' என்று ஒரு குரல் சொல்லுமே, அந்த மாதிரி இங்கிலீஷ். எந்த ஊர் சார் என்று யாரோ கேட்டதற்கு 'ஹெட் ஆபீஸ்' என்று பதில் சொன்னாராம். பீட்டர் அவர் எதிரில் கை கட்டி நின்றபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாய்க்கு ஒட்டிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. பேசவே வராமல் மண்டையை மட்டும் ஆட்டினார்.

ஆபீசர் சொன்ன விஷயம் இதுதான். இனிமேல் வாக்கி டாக்கி ரேடியோவில் கம்பெனி அங்கீகரித்த வார்த்தைகள் மட்டும்தான்: தூக்கு என்பதற்கு ஹாய்ஸ்ட், இறக்கு என்பதற்கு லோயர், பிறகு லெஃப்ட், ரைட், ஸ்டாப். சொன்னதைக் கிரேன் ஆப்பரேட்டர் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு பேச்சு கூடாது. வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்க ஒரு டெஸ்ட் நடக்கும். அதில் ஆப்பரேட்டர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஆபீசர் சொன்னதில் குற்றம் இல்லை. தலைக்கு மேல் இரும்பு தொங்கும்போது சோப்புச் சண்டை எதற்கு? பீட்டருக்கும் அது புரிந்தது. ஆனால் ஸ்டோர் என்ற வார்த்தைதான் அவருக்குச் செரிக்கவில்லை. ஸ்டோர் என்பது கட்டடத்தின் நிலவறையில் ஒரு தகரக் கதவு. உள்ளே கொக்கி, பெல்ட், சங்கிலி. காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் வாங்கி வைக்க வேண்டும். மேலே தனியாக இருந்தாலும் காது நிறைய ஆட்கள் இருந்தார்கள். அங்கே போனால், வருகிறவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆள் நடுவில் இருந்துகொண்டு ஊமையாக வேண்டும். அதை நினைத்து அன்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

"அஞ்சே அஞ்சு வார்த்தைதானே? கிளிகூடச் சொல்லும்" என்றாள் மனைவி.

"கிளிக்கு அஞ்சுதான் தெரியும். எனக்கு மீதியும் தெரிஞ்சு தொலையுதே" என்றார் பீட்டர்.

வீட்டில் ஒத்திகை தொடங்கியது. மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவது அவர்கள் வழக்கம். அந்தக் கூடையே பாரம், பீட்டரே கிரேன், கீழே நின்று கையை ஆட்டும் மகள்தான் ஃபோர்மேன். அவளுக்கு இதில் அவமானமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது. அவள் 'லோயர்' என்றால் இவர் 'லோயர்' என்பார். 'ஸ்டாப்' என்றால் 'ஸ்டாப்'. முதல் நாள் அமோகமாகப் போனது. இரண்டாம் நாள் கீழ்வீட்டுக்காரர் தன் ஜன்னல் பக்கம் வந்த கூடையை ஒதுக்கிவிட்டு, "சாரி, இடிச்சிட்டேனா?" என்றார். பீட்டர் வாயிலிருந்து 'நோ வொர்ரீஸ்' குதித்து விழுந்தது. துக்க வீட்டில் கேட்ட அதே வார்த்தை. அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா, ஃபெயில்" என்றாள் மகள் கீழேயிருந்து.

மனைவி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கன்னா இருக்க மாட்டீங்களா? அந்த ஸ்டோருல போய் உக்காந்தீங்கன்னா, பேச ஆளில்லாம என் உயிரைத்தான் வாங்குவீங்க. எனக்காகவாவது பாஸ் பண்ணுங்க."

விஷயம் கேள்விப்பட்டு ஃபோர்மேன்கள் மூவரும் வியாழக்கிழமை சாயங்காலம் கிரேன் அடியில் கூடிப் பேசினார்கள். பீட்டர் வாய் அடுத்தவர் வாயைப் பார்த்துத்தானே கெடுகிறது? நாம் ஒழுங்காகப் பேசிவிட்டால் அவனும் ஒழுங்காகப் பேசுவான். ஆகவே நாளைக்கு நம்மில் ஒருவரும் கம்பெனி வார்த்தையைத் தாண்டக் கூடாது. மூன்று பேரும் கை அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகக் கலைந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பீட்டர் ஏணியில் ஏறினார். தூக்க வேண்டிய பாரம் என்ன என்று கீழே பார்த்தார். நீலக் கலரில், கதவு வைத்த, ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ். மேல் தளத்தில் வேலை செய்கிறவர்கள் அவசரத்துக்கு அத்தனை மாடி இறங்கி வர வேண்டியிருக்கிறது என்று புதிதாக வாங்கியது. தன் வாழ்வையே தீர்மானிக்கப் போகிற பாரம் இதுவா என்று அவருக்கு இருந்தது. மேனேஜர் தன் அறையில் ரேடியோவோடு தயார். ஆபீசர் தரையில் ஒரு ஓரமாக ரேடியோவும் கையுமாக நின்றார். அயர்லாந்துக்காரர் கக்கூஸ் பக்கத்தில், ஸ்காட்லாந்துக்காரர் நடு மாடியில், ஆஸ்திரேலியாக்காரர் மேல் தளத்தில்.

"ஹாய்ஸ்ட்" என்றது ஒரு குரல்.

"ஹாய்ஸ்ட்" என்றார் பீட்டர்.

கக்கூஸ் தரையை விட்டுக் கிளம்பியது. "லெஃப்ட்." "லெஃப்ட்." "ஹாய்ஸ்ட்." "ஹாய்ஸ்ட்." எல்லாம் சுத்தமாக நடந்தது. ஆனால் யார் பேசுகிறார்கள் என்று பீட்டருக்குத் தெரியவில்லை. ஃபோர்மேன்கள் மூவரும் ஆபீசரைப்போல் பேசப் பாடுபட்டதில் அத்தனை குரலும் ஒன்றாகிவிட்டன. கிராண்ட் இல்லை, வீ இல்லை. கூடவே இருந்தவர்கள் எல்லோரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இருந்தாலும் பீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் நாலைந்து வார்த்தை, அப்புறம் கூண்டு தன்னுடையது.

கட்டடத்தின் பாதி உயரம் தாண்டியதும் ஒரு காற்று அடித்தது. கக்கூஸ் கதவு படாரென்று திறந்துகொண்டது. அதைக் கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். பேச்சில் தவறக் கூடாது என்ற ஒரே கவலையில், கட்ட வேண்டியவர்கள் கட்டாமல் விட்டுவிட்டார்கள். கதவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து பேப்பர் சுருள் ஒன்று வெளியே உருண்டு, ஒரு முனை எதிலோ மாட்டிக்கொள்ள, வெள்ளை வெளேரென்று அவிழ்ந்துகொண்டே இறங்கியது. சைட் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பேப்பர் நிதானமாக மிதந்து வந்து ஆபீசரின் ஹெல்மெட்டின் மேல் படிந்தது.

அப்போது ரேடியோவில் ஒரு குரல் வெடித்தது.

"ஐயய்யோ, எவனும் கதவைக் கட்டலையாடா?"

பீட்டர், பேசியது தானேதான் என்று முதலில் நினைத்தார். தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. பொத்தானைப் பார்த்தார், விரல் அதில் இல்லை. தொப்பையையும் பார்த்துக்கொண்டார். அப்படியானால் யார்? கீழே ரேடியோவை வாயருகே பிடித்தபடி ஹெல்மெட்டிலிருந்து பேப்பரைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்த அந்த ஆபீசர் அவர் கண்ணில் பட்டார். எந்த ஊரும் இல்லாத அந்த இங்கிலீஷுக்கு அடியில் இப்படியொரு பேச்சு இருந்திருக்கிறது. அசல் பேச்சு, வீட்டில் பேசுகிற பேச்சு. பீட்டருக்கு அந்த நிலையிலும் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷத்தை அனுபவிக்க மேனேஜர் விடவில்லை. அந்த சைட்டில் அந்தப் பாஷை பேசுகிறவன் ஒருவன்தான் என்பது அவர் எண்ணம். ஆப்பரேட்டர், டெஸ்ட் முடிந்தது, பாரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கீழே வா என்று அவர் ரேடியோவில் உத்தரவு போட்டார்.

நான் இல்லை சார் என்று ஒரு வார்த்தை போதும். பீட்டர் பொத்தான் மேல் விரலை வைத்தார். நான் இல்லை என்றால் அடுத்த கேள்வி, பின்னே யார் என்பது. அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். அந்த மனுஷன் எத்தனை வருஷம் பாடுபட்டுத் தன் பேச்சை அப்படி மூடி வைத்திருப்பார்? எதற்காக மூடினாரோ? பேச்சை வைத்துக் கேலி செய்தால் எப்படி இருக்கும் என்று பீட்டருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, பெயரே போய்விட்டதே. ஸ்டோரின் தகரக் கதவு கண் முன்னால் வந்தது. மனைவி முகமும் வந்தது. ஆனாலும் விரலை எடுத்துவிட்டார்.

யாரும் எதிர்பார்க்காதபடி அயர்லாந்துக்காரரின் குரல் கேட்டது. இந்தத் தடவை அவர் சொந்தக் குரல். அதைச் சொன்னது நான்தான் என்றார். மேனேஜர் நம்பவில்லை. எங்கே, திருப்பிச் சொல் பார்க்கலாம் என்றார்.

அயர்லாந்துக்காரர் மூச்சை இழுத்துவிட்டார். "ஐயய்யோ... சரி சரி... வச்சிடறேன்" என்றார்.

அவன் கிடக்கிறான், சொன்னது நான் என்று ஸ்காட்லாந்துக்காரர் குறுக்கே புகுந்தார். தன் சாட்சியமாக, "ஐயய்யோ, போதும் போதும், சும்மா" என்றார். மேல் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாக்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையில் பேசியது தான் என்றார். பேசிக் காட்டு என்றதற்கு வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

கக்கூஸ் ஆகாயத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து திறந்து எல்லோருக்கும் காட்டியது. பீட்டர் கூண்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு அந்த லிஃப்ட் குரல் வந்தது. அதைப் பேசியது நான், வேறு யாரும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னது. மேனேஜர் அலுத்துப்போய், உனக்கு அந்தப் பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டார். அது என் அம்மா பாஷை என்றார் ஆபீசர். நிரூபிக்கச் சொல்வதற்கு முன்னாலேயே, "ஐயய்யோ, எவனும் கதவைக் கட்டலையாடா" என்று அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லிக் காட்டினார். பிறகு லிஃப்ட் குரலுக்குத் திரும்பி அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தார். விதியை மீறியது தான் என்றும், ஃபோர்மேன்கள் மூவரும்கூட மீறினார்கள் என்றும், இன்றைக்கு ரேடியோவில் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசாத ஒரே ஆள் ஆப்பரேட்டர்தான் என்றும் ரிப்போர்ட் வாசிப்பதுபோல் முடித்தார்.

மேனேஜர் கடைசியில், அப்படியானால் அந்தச் சனியனை யாராவது மேலே கொண்டுபோய் வைத்துத் தொலையுங்கள் என்றார்.

"ரைட்" என்றது ரேடியோ.

"ரைட்" என்றார் பீட்டர்.

மேல் தளத்தில் அதை உட்காரவைத்து, "ஸ்டாப்" என்று திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அவர் வாய் வேறு ஒன்றையும் பேசவில்லை. பாஸ் என்று மேனேஜரே சொன்னார். ரேடியோ விதி அப்படியே தொடரும் என்றும் சொன்னார். மற்ற பேச்சுக்கெல்லாம் வேலை இல்லாத நேரத்தில் வேறு சானல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆபீசர் அனுமதி வாங்கித் தந்தார். அந்தச் சானலில் முதல் ஆளாக வந்து கிராண்ட் என்று சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் பீட்டர் ஏணியிலிருந்து இறங்கும்போது ஆபீசர் கீழே காத்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நான்தான் பேசினேன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல? சீட்டே போயிருக்குமே."

பீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒரு வார்த்தை கூடுதலாப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

ஆபீசர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் கம்பெனியில நான் வாயைத் திறந்தாலே சிரிப்பாங்கண்ணே. அதனால மாத்தினேன். மாத்தினது மாத்தினதுதான், அப்புறம் திரும்பவே இல்ல. எங்கம்மாவுக்குப் போன் பண்ணாக்கூட, 'ஆபீஸ்காரன் யாரோ பேசற மாதிரி இருக்குடா, என் புள்ளையைக் கூப்பிடு'ங்கும். ரெண்டு நிமிஷத்துல வச்சிடும். எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தேன். வர மாட்டேங்குது. இன்னிக்கு என்னடான்னா ஒரு கக்கூஸ் கதவு..."

அவர் ஹெல்மெட்டை மறுபடி திருப்பினார். பீட்டருக்கு அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் கைவசம் இருந்தும் இதற்கு ஒரு வார்த்தை அவற்றில் இல்லை.

"இப்பவே பண்ணுங்க" என்றார் கடைசியில். "வாய் சூடா இருக்கப்பவே பண்ணிடுங்க."

ஆபீசர் செல்போனை எடுத்தார். சற்றுத் தள்ளிப் போய் இரும்புக் கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். "அம்மா, நான்தான். இல்லம்மா, வச்சிடாத, நான்தான்மா. இன்னிக்கு இங்க ஒரு கூத்து நடந்துச்சு, கேளு" என்று ஆரம்பித்தார். கதவு, காற்று, பேப்பர், ஹெல்மெட் எல்லாம் ஒன்று விடாமல் வந்தன. பாதிக் கதை தாண்டியபோது போனுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பது பீட்டர் நின்ற இடம்வரைக்கும் கேட்டது. சிரிப்புக்கு நடுவே, "அப்பிடியேவாடா கத்தினே? எங்க, இன்னொருவாட்டி சொல்லு" என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள், அவர் மறுபடியும் சொன்னார். பீட்டரின் பஸ் வந்து நின்று போய்விட்டது. அவர் அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.